புதிய காரில் மாற்றங்களும் உத்தரவாதமும்: மாக்னுசன்–மோஸ் சட்டத்தின் வரலாறு

மாக்னுசன்–மோஸ் உத்தரவாதச் சட்டம் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டங்களுள் ஒன்று. 1975 ஜனவரி 4 அன்று குடியரசுத் தலைவர் ஜெரால்ட் ஃபோர்டு இதில் கையொப்பமிட்டார். வாஷிங்டன் மாநில செனட்டர் வாரன் மாக்னுசன், கலிபோர்னியாவைச் சேர்ந்த கீழவை உறுப்பினர் ஜான் மோஸ் ஆகியோரின் பெயரால் இது அறியப்படுகிறது. வீட்டுப் பொருள்கள் முதல் கார் வரை, எழுத்து மூலம் உத்தரவாதம் தரப்படும் நுகர்பொருள்கள் அனைத்துக்கும் இது பொருந்தும். எனினும் இச்சட்டத்தின் பெயரை அதிகம் உச்சரிப்பவர்கள் கார் பிரியர்களே. புதுக் காரில் சைலன்சரை மாற்றினால், சஸ்பென்ஷனைத் தாழ்த்தினால், எஞ்சின் கணினியின் மென்பொருளைத் திருத்தினால் கம்பெனி வாரண்டி போய்விடுமா என்ற கேள்விக்கு அங்கே அவர்கள் சொல்லும் பதில் இச்சட்டம்தான். அந்தப் பதில் பாதி சரி. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள இச்சட்டம் வந்த வழியைப் பார்க்க வேண்டும்.

தயாரிப்பாளரே நீதிபதி

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்கக் கார்களின் உத்தரவாதம் கிட்டத்தட்ட எல்லா நிறுவனங்களிலும் ஒரே வாசகமாக இருந்தது. தயாரிப்பாளர் சங்கம் வகுத்த பொது வாசகம் அது. 90 நாள் அல்லது 4,000 மைல், எது முந்துகிறதோ அதுவரை. பழுதான பாகத்தை மாற்றித் தருவதோடு பொறுப்பு முடிந்தது. அங்கீகாரம் பெற்ற நிலையத்துக்கு வெளியே பழுதுபார்த்த அல்லது மாற்றியமைத்த வண்டி, தயாரிப்பாளரின் கருத்துப்படி அதனால் பாதிக்கப்பட்டிருந்தால் உத்தரவாதம் செல்லாது என்ற நிபந்தனையும் அக்கால வாசகங்களில் பரவலாகக் காணப்பட்டது. 'தயாரிப்பாளரின் கருத்துப்படி' என்ற சொற்களில்தான் விஷயம் இருக்கிறது. பணம் தர வேண்டியவரே, தர வேண்டுமா என்று முடிவு செய்பவராகவும் இருந்தார்.

இந்த வாசகத்தின் மீது விழுந்த முதல் பெரிய அடி நியூ ஜெர்சி மாநில உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்தது. 1955 மே மாதம் ஒருவர் அன்னையர் தினப் பரிசாகத் தம் மனைவிக்குப் புதிய பிளிமத் கார் வாங்கினார். வாங்கிய பத்து நாளளவில், 468 மைல் மட்டுமே ஓடியிருந்த நிலையில், ஸ்டீயரிங் கட்டுப்பாடு இழந்து கார் சுவரில் மோதியது. மனைவி காயமடைந்தார். வழக்கு வந்தபோது, விற்பனை ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த உத்தரவாத வாசகத்தைத் தயாரிப்பாளர் காட்டினார்: பாகத்தை மாற்றித் தருவதைத் தவிர வேறு பொறுப்பு எதுவும் இல்லை. ஹென்னிங்சன் வழக்கு எனப்படும் இதில் 1960இல் தீர்ப்பளித்த நீதிமன்றம் அந்த வாசகத்தைச் செல்லாது என்றது. ஏறத்தாழ எல்லா நிறுவனங்களும் ஒரே நிபந்தனையை விதிக்கும்போது, வாங்குபவருக்குப் பேரம் பேச இடமே இல்லை என்பது நீதிமன்றம் சொன்ன காரணங்களுள் முக்கியமானது. இது மாற்றியமைத்த காரைப் பற்றிய வழக்கு அல்ல. ஆனால் உத்தரவாதத் தாளில் அச்சிட்டதெல்லாம் சட்டமாகிவிடாது என்பதை அமெரிக்க நீதிமன்றங்களுக்கு உணர்த்திய வழக்கு.

ஐந்து ஆண்டு, ஐம்பதாயிரம் மைல்

அடுத்த மாற்றம் சந்தைப் போட்டியால் வந்தது. ஃபோர்டு நிறுவனம் 1961 மாடல் கார்களுக்கு 12 மாதம் அல்லது 12,000 மைல் உத்தரவாதம் அறிவித்தது. கிரைஸ்லர் 1963 மாடல்களின் எஞ்சின், கியர்பெட்டி முதலிய இயக்கப் பாகங்களுக்கு 5 ஆண்டு அல்லது 50,000 மைல் என்று ஒரே தாவாகத் தாவியது. 1967 மாடல்களில் மற்றப் பெரிய நிறுவனங்களும் அதே அளவுக்கு வந்து சேர்ந்தன.

உத்தரவாதம் நீண்டதும் அதன் நிபந்தனைகளும் நீண்டன. 90 நாள் உத்தரவாதம் பறிபோனால் பெரிய இழப்பு இல்லை. ஐந்தாண்டு உத்தரவாதம் அப்படியல்ல. எண்ணெய் மாற்றியதற்குச் சான்று, குறித்த கெடுவுக்குள் பராமரிப்பு, அதை விற்பனையாளரிடம் காட்டிப் பதிதல் என்று வாங்குபவரின் கடமைகள் பெருகின. வெளியே வாங்கிய எண்ணெய் வடிகட்டியைப் போட்டதாலேயே வாரண்டி போய்விட்டது என்று கவுண்ட்டரில் சொல்வது எளிதாயிற்று. கூட்டாட்சி வணிக ஆணையம் 1960களின் இறுதியில் கார் உத்தரவாதங்களை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. சொன்ன சொல்லுக்கும் கிடைத்த சேவைக்கும் இடையே இருந்த தூரத்தை அது பதிவு செய்தது.

எஞ்சினை மாற்றிய விற்பனையாளர்கள்

இதே பத்தாண்டுதான் அமெரிக்காவில் வேகக் கார்களின் பொற்காலம். வேக உதிரிபாகத் தயாரிப்பாளர்கள் 1963இல் 'சீமா' என்ற சங்கத்தைத் தொடங்கினர். காரை வாங்கிய கையோடு கார்புரேட்டர், கேம்ஷாஃப்ட், சைலன்சர் எல்லாவற்றையும் மாற்றும் இளைஞர் கூட்டம் நாடெங்கும் இருந்தது. உத்தரவாதமும் மாற்றமும் நேருக்கு நேர் மோதிய இடம் இது.

நிறுவனங்களே இதில் இரட்டை வேடம் போட்டன என்பது என் எண்ணம். பந்தய வெற்றியை விளம்பரத்துக்குப் பயன்படுத்தின. வண்டியைப் பந்தய வேகத்தில் ஓட்டியவருக்கு வாரண்டியை மறுத்தன. கிரைஸ்லர் 1966இல் சாலைக் கார்களுக்கு 426 கன அங்குல 'ஹெமி' எஞ்சினைக் கொடுத்தபோது, தன் பெருமைக்குரிய ஐந்தாண்டு உத்தரவாதத்தை அதற்குத் தரவில்லை. 12 மாதம் அல்லது 12,000 மைல்தான் கிடைத்தது.

இச்சிக்கலைச் சாமர்த்தியமாகக் கடந்தவர் பென்சில்வேனியாவின் கேனன்ஸ்பர்க் நகரில் ஷெவர்லே விற்பனையகம் நடத்திய டான் யென்கோ. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் சிறிய, நடுத்தரக் கார்களில் 400 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினை வைப்பதில்லை என்று உள்விதி வைத்திருந்தது. ஆகவே 1967இல் யென்கோ தம் பட்டறையிலேயே புதிய கமாரோ கார்களின் எஞ்சினைக் கழற்றிவிட்டு 427 கன அங்குல, அதாவது 7 லிட்டர் எஞ்சினைப் பொருத்தி விற்றார். கார் பறந்தது. ஆனால் தொழிற்சாலை வைக்காத எஞ்சின் உடைந்தால் யார் பொறுப்பு? அந்தச் சுமை விற்பனையாளர் தலையில் விழுந்தது.

யென்கோ கண்ட வழி, தொழிற்சாலையையே அந்த மாற்றத்தைச் செய்ய வைப்பது. டாக்சி, போலீஸ் வண்டி போன்ற மொத்த ஆர்டர்களுக்காக ஷெவர்லே 'மத்திய அலுவலக உற்பத்தி ஆணை' என்ற முறையை வைத்திருந்தது. டாக்சிக்கு உறுதியான இருக்கையும் தனி நிறமும் கேட்கும் அதே படிவ வழியில் 1969இல் 427 எஞ்சின் பொருத்திய கமாரோக்கள் ஆர்டர் செய்யப்பட்டன. 9561 என்ற ஆணை எண்ணால் அவை இன்றும் அறியப்படுகின்றன. எஞ்சின் உற்பத்தி வரிசையிலேயே ஏறியதால் வண்டி தொழிற்சாலை உத்தரவாதத்தோடு வெளிவந்தது. யென்கோ அதன் மேல் தம் பெயரும் வண்ணப் பட்டைகளும் சேர்த்தார். அந்த ஆண்டு அவர் விற்றவை ஏறக்குறைய 200 கார்கள்தான்; இன்று ஏலங்களில் பெருந்தொகைக்குப் போகின்றன.

'தொழிற்சாலை ஆசி பெற்ற மாற்றம்' என்ற இந்த வழி இன்றும் உயிரோடு இருக்கிறது. டொயோட்டாவின் டிஆர்டி, ஃபோர்டு பெர்ஃபார்மன்ஸ் முதலிய துணைப்பிரிவுகளின் பாகங்களை அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் பொருத்தினால் அவற்றுக்கு நிறுவனமே உத்தரவாதம் தருவது அதன் தொடர்ச்சி. விலை கூடுதல். பயமில்லாத வழி இதுவே.

1975இல் என்ன மாறியது

மாக்னுசன்–மோஸ் சட்டம் எந்த நிறுவனத்தையும் உத்தரவாதம் தரச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. தந்தால் எளிய மொழியில் தர வேண்டும், 'முழு' உத்தரவாதமா 'வரம்புக்குட்பட்ட' உத்தரவாதமா என்று தலைப்பிலேயே சொல்ல வேண்டும் என்றது. கார் உத்தரவாதங்கள் பொதுவாக இரண்டாம் வகைதான். வழக்கில் வெல்லும் நுகர்வோருக்கு வழக்கறிஞர் கட்டணத்தையும் எதிர்த்தரப்பிடமிருந்து வாங்கித்தர நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுத்தது.

கார் பிரியர்கள் பற்றிக்கொண்டது 102ஆம் பிரிவின் ஓர் உட்பிரிவை. குறிப்பிட்ட பிராண்டுப் பொருளையோ சேவையையோ பயன்படுத்தினால்தான் உத்தரவாதம் செல்லும் என்று நிபந்தனை விதிக்கக் கூடாது என்கிறது அது. அப்பொருளை இலவசமாகத் தந்தால் நிபந்தனை விதிக்கலாம். அதுவன்றி வண்டி சரியாக இயங்காது என்று ஆணையத்திடம் நிரூபித்து விலக்கும் பெறலாம். கவனிக்க வேண்டியது: இப்பிரிவில் 'மாற்றியமைத்தல்' என்ற சொல்லே கிடையாது. உதிரிபாகச் சந்தையில் கட்டாய விற்பனையைத் தடுக்க வந்த விதி இது. வடிகட்டிக்கும் எண்ணெய்க்கும் போட்ட வேலியின் நிழலில் வேகக் கார் உரிமையாளர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள்.

ஆணையம் பின்னர் வெளியிட்ட விளக்க விதிகள் அந்த நிழலைச் சற்று அகலப்படுத்தின. வெளிப் பாகத்தாலோ வெளி வேலையாலோ ஏற்பட்ட பழுதுக்குத் தயாரிப்பாளர் பொறுப்பை மறுக்கலாம்; ஆனால் பழுது அதனால்தான் வந்தது என்று அவர் காட்ட வேண்டும். பழைய வாசகத்தோடு ஒப்பிட்டால் மாற்றம் தெரியும். தயாரிப்பாளரின் கருத்து போதாது, காரணத்தொடர்பு வேண்டும்.

நடைமுறையில் இதன் பொருள் பாகம் பாகமாகப் பார்க்க வேண்டும் என்பதே. சைலன்சரை மாற்றியவரின் ஏசி கம்ப்ரசர் நின்றுபோனால் வாரண்டி செல்லும். டர்போ அழுத்தத்தை மென்பொருளால் ஏற்றியவரின் பிஸ்டன் உருகினால் தயாரிப்பாளருக்குக் காரணம் காட்டுவது கடினமல்ல. வண்டியை உயர்த்திப் பெரிய டயர் போட்டவரின் வீல் பேரிங் தேய்ந்தாலும் அப்படியே. அவருடைய ஜன்னல் மோட்டார் கெட்டால் அது வேறு கதை. 'மொத்த வாரண்டியும் ரத்து' என்ற பேச்சுக்குப் பொதுவாகச் சட்ட அடிப்படை இல்லை. 'எதை மாற்றினாலும் சட்டம் காப்பாற்றும்' என்ற எதிர்ப் பேச்சுக்கும் அடிப்படை இல்லை.

சட்டத்தின் பெரிய குறை கவுண்ட்டரில் தெரியும். நிரூபிக்கும் சுமை தயாரிப்பாளருடையது என்பது நீதிமன்றத்தில் உண்மை. சர்வீஸ் நிலையத்தில் பழுதான காரோடு நிற்பவருக்கு வழக்கு, நிபுணர் அறிக்கை, மாதக்கணக்கில் காத்திருப்பு எல்லாம் தாண்டினால்தான் அந்த உண்மை கைக்கு எட்டும். அதனால்தான் கழற்றிய மூலப் பாகங்களைப் பத்திரப்படுத்துவதும், மறுப்பை எழுத்தில் கேட்பதும், பொருத்திய பட்டறையின் ரசீதை வைத்திருப்பதும் அங்கே பழகிப்போன தற்காப்பு முறைகள்.

ஆணையம் தானே இறங்கிய சந்தர்ப்பங்களும் உண்டு. 2015இல் பிஎம்டபிள்யூவின் மினி பிரிவு, மினி பாகங்களையும் மினி விற்பனையாளரையும் பயன்படுத்தாவிட்டால் உத்தரவாதம் போகும் என்று உரிமையாளர்களிடம் சொன்னதாக நடவடிக்கை எடுத்தது. 2018இல் ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அவற்றுள் ஹூண்டாயும் ஒன்று. 2022இல் ஹார்லி-டேவிட்சன் மீதும் இதே காரணத்துக்காக நடவடிக்கை வந்தது.

புகையும் மென்பொருளும்

உத்தரவாதத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு சட்டம் 1970இன் தூய காற்றுச் சட்டம். புகைக்கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கழற்றுவதற்கும் செயலிழக்கச் செய்வதற்கும் உள்ள தடையை 1990 திருத்தம் தனிநபர்களுக்கும் நீட்டியது. வினையூக்கி மாற்றியைக் கழற்றியவருக்கு மாக்னுசன்–மோஸ் துணை வராது. அவர் செய்தது சட்டமீறல். கலிபோர்னியா மாநிலக் காற்று வள வாரியம், புகையைக் கூட்டாத மாற்றுப் பாகங்களைச் சோதித்து விலக்கு எண் வழங்குகிறது. அந்த எண்ணுள்ள பாகத்தைத் தேடி வாங்குவது அங்கே விவேகமான வாடிக்கையாளரின் அடையாளம்.

1996 மாடல் முதல் அமெரிக்காவின் புதுக் கார்களில் ஒரே தரப்பட்ட கண்டறிதல் இணைப்பு கட்டாயமானது. கணினியைத் திருத்துவது அதனால் எளிதாயிற்று, திருத்தியதைக் கண்டுபிடிப்பதும் எளிதாயிற்று. மென்பொருளைப் பழையபடி மாற்றிவிட்டுச் சர்வீசுக்குப் போனாலும் எழுதப்பட்ட தடம் கணினியில் தங்கலாம். ஃபோக்ஸ்வாகன், ஆடி விற்பனையாளர்கள் இப்படிக் கண்டறிந்த வண்டியின் அடையாள எண்ணில் 'டிடி1' என்ற குறி வைப்பது கார் பிரியர்களிடையே பிரசித்தம்.

இந்தியாவில்

இந்தியாவில் இக்கேள்வி வேறு வாசல் வழியாக வந்தது. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.64 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களைத் திறந்த சந்தையில் கிடைக்கவிடாமல் செய்தது முக்கியக் குற்றச்சாட்டு. வெளிப் பட்டறையில் வேலை பார்த்தால் வாரண்டி ரத்து என்று ஒட்டுமொத்த நிபந்தனை வைக்கக் கூடாது, தவறான வேலையால் வந்த சேதத்தின் அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் அந்த ஆணை கூறியது. அமெரிக்க விளக்க விதியின் சாயல் இதில் தெரிகிறது.

ஆனால் மாற்றியமைத்தல் விஷயத்தில் இந்தியச் சட்டம் இறுக்கமானது. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் தயாரிப்பாளரின் மூல விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் இதை உறுதிப்படுத்தியது. சிறிய மாற்றங்களுக்கும், அரசு அனுமதிக்கும் சிஎன்ஜி போன்ற எரிபொருள் மாற்றங்களுக்கும் இடம் உண்டு. ஆகவே இங்கே புதுக் காரில் கைவைப்பவர் வாரண்டிப் புத்தகத்தைப் புரட்டும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் விதியைப் பார்க்க வேண்டியிருக்கிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனமும் அதே விதியைத்தான் பார்க்கும்.