ரப்பர் கையுறையும் ஒவ்வாமையும்: ஒரு குறுவரலாறு

அறுவைக் கூடத்திற்கு ரப்பர் கையுறை வந்தது நோயாளிக்காக அன்று. 1889-90 குளிர்காலத்தில், கிருமிநாசினியால் புண்பட்ட செவிலியர் கரோலின் ஹாம்ப்டனின் கைகளைக் காக்கவே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் வில்லியம் ஹால்ஸ்டெட் அதனைச் செய்வித்தார்.

எய்ட்ஸ் அச்சத்தால் 1987இல் அமெரிக்காவில் பொதுத் தற்காப்பு விதிகள் வகுக்கப்பட்டபின் கையுறைப் பயன்பாடு பன்மடங்கு பெருகியது. ரப்பர் பாலின் புரதங்கள், கையுறையில் தூவப்பட்ட சோளமாவில் ஒட்டிக் காற்றிலும் பரவின. பிறவி முதுகுத்தண்டுப் பிளவினால் பலமுறை அறுவைக்கு உள்ளான குழந்தைகள் மயக்கநிலையிலேயே ஒவ்வாமை அதிர்ச்சிக்கு ஆளாயினர்.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1991இல் எச்சரித்தது. மாவிட்ட கையுறைகளுக்கான தடையோ 2017 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது.

மயக்கத்தில் இருப்பவர் அரிப்பைச் சொல்ல இயலாது. தோல் தடிப்பையும் போர்வை மறைத்துவிடும். ஆதலால், ‘பலூன் ஊதினால் உதடு வீங்குமா?’ என்னும் வினா அறுவைக்கு முன்பே கேட்கப்பட வேண்டும்.