அவர்களும் பேசினார்கள்

ஆட்டிசம் என்னும் நிலைக்குத் தமிழில் ‘மதியிறுக்கம்’ என்றொரு பெயர் வழங்குகிறது. அந்நிலையோடு வாழ்வோர் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட பெயரன்று அது. வெளியே நின்று நோக்கியவர்கள் இட்டது. ஆட்டிசத்தின் வரலாறும் முதல் ஐம்பது ஆண்டுகள் பெரும்பாலும் வெளியிலிருந்தே எழுதப்பட்டது.

1943-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய மனநல மருத்துவர் லியோ கேனர், 11 குழந்தைகளைப் பற்றிக் கட்டுரை ஒன்று வெளியிட்டார். அவர்கள் தனிமையை நாடுவதையும் மாறாத ஒழுங்கை விரும்புவதையும் நுட்பமாகப் பதிவு செய்தார். அப்பெற்றோருள் உள்ளன்பு மிக்கவர் மிகச் சிலரே என்றும் குறித்தார். அக்குறிப்பு பின்னர்ப் பெரும் பழியாய் வளர்ந்தது. பெற்றோரின் அன்பின்மையே காரணம் எனப் புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் எழுதிய நூல் பரவலாக வாசிக்கப்பட்டது. செய்யாத குற்றத்தை அன்னையர் பலர் சுமந்தனர்.

ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லாண்ட், இந்நிலை உடலமைப்பைச் சார்ந்தது என 1964-இலேயே எழுதியிருந்தார். காலப்போக்கில் அவர் கருத்தே நிலைபெற்றது. அன்னையர்மீது சுமத்தப்பட்ட பழி அகன்றது. பிள்ளைகளைக் குறித்த புலம்பலோ ஓயவில்லை.

1993-இல் கனடாவின் டொராண்டோ நகரில் நடந்த பன்னாட்டு மாநாட்டில், ஆட்டிசம் உடைய ஜிம் சின்க்ளேர் பெற்றோரை நோக்கிப் பேசினார். தங்களுக்காகத் துயரப்பட வேண்டாம் என்பதே அவ்வுரையின் சாரம். பெற்றோர் அழுவது தாம் எதிர்பார்த்து வராமற்போன குழந்தைக்காக. வந்த குழந்தையோ அவர்கள் கண்முன்னே காத்திருக்கிறது. ஆட்டிசம் என்பது உள்ளே வேறொரு பிள்ளையை மறைத்து வைத்திருக்கும் ஓடு அன்று. அப்பிள்ளை வாழும் முறையே அது. ஆகவே அதன் மொழியை நாம்தாம் முயன்று கற்க வேண்டும் என்றார்.

அதன் பின்னும் அவர்கள் பேசினார்கள். ஆட்டிசம் உடைய ஆய்வாளர் டேமியன் மில்டன், புரியாமை இருதரப்புக்கும் உரியது என 2012-இல் எழுதினார். 2020-இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரு கதையை ஒருவர் மற்றொருவருக்குச் சொல்லி வந்தனர். ஆட்டிசம் உடையோர் தமக்குள்ளே சொன்னபோது, பிறர் தமக்குள்ளே சொன்ன அளவுக்குக் கதை பிழைத்தது; இரு சாராரும் கலந்திருந்தபோதே அது மிகுதியாகச் சிதைந்தது.

நம் ஆலயத்தில் ஒலிபெருக்கி அதிர்கையில் காதைப் பொத்திக்கொண்டு ஓடும் சிறுவனை நாம் கண்டிருப்போம். உடனே நம் பார்வை அவன் தாயின்மீது விழுகிறது. 1967-இன் பழி அப்பார்வையில் இன்னும் உயிரோடிருக்கிறது. அப்பேரொலி அவனுக்கு உடல்வலியாகவே இருக்கலாம். ஒலியைச் சற்றுக் குறைப்போம். வாயிலருகே அமைதியான ஓர் இடம் ஒதுக்குவோம். வேறென்ன வேண்டும் என்பதை அவனிடமே கேட்போம். சொல்லால் விடை தர இயலாதவனாயின், எதனருகில் அவன் அமைதி கொள்கிறான் என்பதைப் பொறுமையோடு கவனிப்போம். அதுவும் அவன் தரும் விடையே.