இளம் புறக்கோள்களின் நிறை அளவீடு

பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்களில், பிறந்து சில கோடி ஆண்டுகளே ஆன சிறியவற்றின் நிறையைக் கணிப்பது வானியலின் கடினமான அளவீடுகளில் ஒன்று. விண்மீனின் குறுக்கே கோள் கடக்கும்போது ஒளி எவ்வளவு மங்குகிறது என்பதைக் கொண்டு அதன் விட்டத்தை அறியலாம். ஆனால் பிறந்த சூடு தணியாத கோள் வாயுவால் ஊதிப் பெருத்திருக்கும் என்பதால், விட்டத்தை நம்பி நிறையைச் சொல்ல முடியாது.

மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் 1995இல் 51 பெகாசியின் கோளைக் கண்டறிந்த வழி இதற்கும் பொருந்தும் என்றே முதலில் கருதப்பட்டது. கோளின் ஈர்ப்பால் விண்மீன் முன்னும் பின்னும் அசையும்; நிறமாலைக் கோடுகளின் நகர்வில் அந்த வேகம் தெரியும். இதுவே ஆர விரைவு முறை. 51 பெகாசி நொடிக்கு 50 மீட்டருக்குச் சற்று மேல் அசைந்தது. பூமி சூரியனை அசைப்பதோ நொடிக்கு 9 சென்டிமீட்டர்தான்.

இளம் விண்மீன்கள் வேகமாகச் சுழல்பவை, பெரும் கரும்புள்ளிகள் கொண்டவை. புள்ளிகள் சுழன்று வரும்போது நிறமாலைக் கோடுகளின் வடிவம் சிதைந்து, நொடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் வேகத்தில் விண்மீன் அசைவதுபோல் போக்குக் காட்டும். டி.டபிள்யூ. ஹைட்ரே விண்மீனைச் சுற்றி வியாழனைப்போல் 10 மடங்கு நிறையுள்ள கோள் இருப்பதாக 2008 தொடக்கத்தில் 'நேச்சர்' இதழில் அறிவிப்பு வந்தது. உண்மையான அசைவு எந்த நிற ஒளியிலும் ஒரே அளவில் தெரிய வேண்டும். அகச்சிவப்பில் அளந்தபோது அது பெரிதும் சுருங்கிவிட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் கோள் இல்லை, வெறும் புள்ளிதான் என்றாயிற்று.

இத்துறையின் பெரிய வழக்கு ரிஷப விண்மீன் குழுவிலுள்ள வி1298 டௌ. அதன் வயது ஏறத்தாழ 2.3 கோடி ஆண்டுகள். கெப்ளர் தொலைநோக்கியின் கே2 பணித் தரவுகளிலிருந்து, பூமியைப்போல் 5 முதல் 10 மடங்கு விட்டமுள்ள நான்கு கோள்கள் அங்கிருப்பதை டிரெவர் டேவிட் குழு 2019இல் அறிவித்தது. ஆர விரைவு முறையில் அளந்த மற்றொரு குழு, 2021 இறுதியில் அவற்றில் 'பி' எனப்படும் கோளுக்கு 200 பூமிகளின் நிறையையும் 'ஈ' எனப்படும் கோளுக்கு வியாழனை விஞ்சிய நிறையையும் தந்தது. இவ்வளவு சிறு வயதில் இத்தனை அடர்த்தியா? கோள்கள் மெல்லக் குளிர்ந்து சுருங்கும் என்ற கோட்பாடே ஆட்டம் கண்டது.

கோட்பாடு தப்பியது. 2023இல் சேரா பிளண்ட் குழு அந்த நிறைகளைத் தந்த கணித மாதிரியை மறுசோதனைக்கு உட்படுத்தியது; தரவில் ஒரு பகுதியை மறைத்துவைத்தபோது அதை மாதிரியால் முன்கணிக்க இயலவில்லை. புள்ளிகளின் இரைச்சலுக்கும் சேர்த்தே அது வளைந்துகொடுத்திருந்தது. மறு ஆண்டு, ஹப்பிள் தொலைநோக்கி 'பி'யின் வளிமண்டலம் வெகுவாக விரிந்திருப்பதைக் காட்டியது. ஈர்ப்பு குறைந்தால்தான் வளிமண்டலம் அப்படி விரியும். ஆகவே நிறை 23 பூமிகளுக்கு உட்பட்டதே.

தீர்ப்பைத் தந்தது கடிகாரம். அண்டைக் கோள்கள் ஒன்றையொன்று இழுப்பதால் கடப்புகள் சற்று முந்தியோ பிந்தியோ நிகழும். இந்தக் கால மாறுபாட்டிலிருந்து நிறையைக் கணிக்கலாம் என்று 2005இல் இரு குழுக்கள் தனித்தனியே காட்டியிருந்தன. 2010இல் கெப்ளர்-9 அதை மெய்ப்பித்தது. வி1298 டௌவில் 'ஈ' கோளின் கடப்பு கே2 தரவில் ஒருமுறையே பதிவானதால், அதன் சுற்றுக் காலமே பல ஆண்டுகள் தெரியாதிருந்தது. டெஸ் செயற்கைக்கோளும் தரைத் தொலைநோக்கிகளும் அந்த முடிச்சை அவிழ்த்தன. ஜான் லிவிங்ஸ்டன் குழு 2026 ஜனவரியில் வெளியிட்ட முடிவின்படி நான்கின் நிறையும் 5 முதல் 15 பூமிகளுக்குள் அடங்குகிறது.

கால மாறுபாட்டு முறைக்கு ஒன்றையொன்று இழுக்க உடன்பிறந்த கோள்கள் வேண்டும். அப்படியொரு துணை தென்படாத கே2-33 பி, 2016இல் அறிவிக்கப்பட்ட நெப்டியூனைவிடச் சற்றுப் பெரிய கோள். அப்போது கிடைத்தது, வியாழனைப்போல் சில மடங்குக்கு மிகாது என்ற மேல்வரம்பு மட்டுமே.