நாகமலைச் சுண்டெலியும் ஐம்பத்தேழாம் எண் எலியும்

மதுரையிலிருந்து தேனி செல்லும் சாலையில், நாகமலையின் அருகே காமராசர் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. அதைச் சூழ்ந்த வயல்வரப்புகளில் வளை தோண்டி வாழ்வது மஸ் பூடுகா என்னும் வயல் சுண்டெலி. உழவருக்கு அது கதிர் திருடும் உயிர். ஆனால் உயிரியலின் வரலாற்றில் அதற்கோர் இடமுண்டு. அதை அறிய முதலில் ஆய்வுக்கூட எலியின் கதையை நோக்க வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆபி லாத்ராப் என்ற பெண்மணி வளர்ப்பெலிகளைப் பெருக்கி விற்றுவந்தார். அவரிடமிருந்து வந்த 57ஆம் எண் பெண்ணெலியின் வழியில், 1921இல் கிளாரன்ஸ் குக் லிட்டில் உருவாக்கியதே 'சி57 பிளாக்' என்னும் கரிய எலிக்குலம். உடன்பிறந்தவற்றையே இருபது தலைமுறைக்குமேல் இணைசேர்த்தால், குலத்தின் எலிகள் மரபணுவில் ஏறத்தாழ ஒன்றாகிவிடும். இதுவே உட்கலப்பு. இக்குல எலிகள் மதுவை விரும்பி அருந்தும். முதுமையில் செவிப்புலன் இழக்கும். இரவில் சுரக்கவேண்டிய மெலடோனின் இவற்றிடம் மிகக் குறைவு. 2002இல் முதன்முதலாக மரபணுத் தொகுதி வாசிக்கப்பட்ட எலியும் இக்குலத்ததே.

இனி மதுரைக்கு வருவோம். ஜெர்மனியில் எர்வின் ப்யூனிங்கிடம் பயின்ற எம்.கே.சந்திரசேகரன், காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிர்க்கடிகார ஆய்வை வேரூன்றச் செய்தார். சமணர் மலைக் குகை வௌவால்களையும் இந்தச் சுண்டெலியையும் அவரது குழு ஆராய்ந்தது. 1985இல் விஸ்வநாதனும் அவரும் 'நேச்சர்' இதழில் ஒரு சோதனையை வெளியிட்டனர். ஒளி இருள் மாற்றமற்ற சூழலில், தாயெலியைக் குட்டிகளுடன் பன்னிரண்டு மணி நேரம் விட்டு, பன்னிரண்டு மணி நேரம் பிரித்தனர். குட்டிகளின் கடிகாரம் தாயின் வரவுபோக்குக்கு இசைந்தது. தாய் உடனிருந்த பொழுது பகல். அவள் அகன்ற பொழுது இரவு. இரைதேடி இரவில் வெளியேறும் தாயின் குட்டிகள் இருண்ட வளைக்குள் வேறெவ்வாறு காலம் அறியும்?

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1994இல், ஜோசப் தகஹாஷியின் குழு 'கிளாக்' மரபணுத் திரிபைக் கண்டறிந்தது, சி57 எலியில்தான். ஏறத்தாழ முந்நூறு எலிகளுள் ஒன்று மட்டும் பிறழ்ந்த தாளத்தில் ஓடியது. மற்றவை யாவும் ஒன்றுபோலிருந்தமையால்தான் அந்த ஒன்றின் பிறழ்வு ஐயமின்றித் தெரிந்தது.

கடிகாரத்தின் பற்சக்கரத்தைக் காட்ட உட்கலப்பெலி தேவைப்பட்டது. அக்கடிகாரம் எதற்காக, எவ்வாறு வாழ்வோடு பொருந்துகிறது என்பதைக் காட்டியது வரப்பெலி. முன்னதன் வம்சாவளி எண்ணெண்ணாகப் பதிவாகியிருக்கிறது. பின்னதை மதுரைவாசிகளே அறியோம். அறிவியல் எங்கோ தொலைவில் நிகழ்வது என்னும் நம் எண்ணத்துக்கு, நாகமலை அடிவாரத்து வளை ஒன்று போதுமான மறுப்பு. அவ்வரப்புகள் மனையிடங்களாக மாறுமுன் அதை நாம் எழுதிவைப்பது நலம்.