எல்லாச் சுருதியிலும் வாசித்தல்: ஜெர்மானிய ஆர்கன் கலைஞர்களின் பயிற்சி

கர்நாடக இசையில் பாடகர் ஒரு கட்டையில் பாடினாலும் ஐந்து கட்டையில் பாடினாலும் வயலின் கலைஞர் அதற்கேற்பச் சுருதி கூட்டிக்கொண்டு, பழகிய விரல் வைப்பிலேயே வாசித்துவிடுகிறார். கட்டைகளும் குழல்களும் நிலையாகப் பொருத்தப்பட்ட ஆர்கனில் இவ்வசதி இல்லையாதலால், ஆதார சுரம் மாறும்போதெல்லாம் விரல்களே புதிய வழியில் செல்ல வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மானிய ஆர்கன் கலைஞர்கள் எல்லா ஸ்கேல்களிலும் தேர்ச்சி பெற்றதற்குக் கலையார்வம் மட்டுமன்று, அன்றாடத் தொழிலின் நெருக்கடியும் காரணமாக இருந்தது.

அந்த நெருக்கடி, ஒரே ஆலயத்தில் இரு சுருதிகள் வழங்கியதால் எழுந்தது. ஆர்கன்கள் 'கோர்டோன்' எனப்பட்ட உயர்ந்த சுருதியில் அமைந்திருக்க, பிரான்சிலிருந்து பரவிய ஓபோ முதலிய புதிய ஊதுகருவிகள் 'கம்மர்டோன்' எனப்பட்ட தாழ்ந்த சுருதியில் ஒலித்தன. லைப்சிக் நகரில் இவ்விரண்டுக்கும் இடைவெளி ஒரு முழுச் சுரம். ஆகவே, 1723இல் அந்நகரின் தோமையார் ஆலயப் பள்ளியில் பொறுப்பேற்ற யோஹான் செபாஸ்டியன் பாக் தம் ஆலயப் பாடல்களுக்கு எழுதுவித்த தாள்களில், மற்றவர்கள் சி மைனரில் வாசிக்கும் பகுதி ஆர்கன் கலைஞருக்கு மட்டும் ஒரு சுரம் இறக்கி, ஐந்து ஃபிளாட் குறிகள் கொண்ட பி ஃபிளாட் மைனரில் எழுதப்பட்டது. அவ்வாறு தனித்தாள் எழுதித் தர ஆளில்லாத இடங்களில் கலைஞரே பார்த்த மாத்திரத்தில் மாற்றி வாசிக்க வேண்டியிருந்தது.

விரல்கள் பழகினாலும் வாத்தியம் இடம் கொடுத்தாக வேண்டும். பன்னிரண்டு தூய பஞ்சமங்களை அடுக்கினால் அவை ஏழு ஸ்தாயிகளைவிட ஓர் அரைச்சுரத்தின் கால் பங்களவு மிகுகின்றன. காந்தாரத்தின் இனிமைக்காகப் பஞ்சமங்களைச் சற்று அதிகமாகவே குறுக்கிய பழைய சுருதி முறையில், அதனால் எழும் பிழை முழுவதும் ஒரே பஞ்சமத்தில் ஒதுக்கப்பட்டது; ஊளையிடுவதுபோல் ஒலித்ததால் அதற்கு 'ஓநாய்' என்றே பெயர். அதைத் தொடும் ஸ்கேல்களை வாசிக்க இயலாது. ஆந்திரேயாஸ் வெர்க்மைஸ்டர் 1691இல் வெளியிட்ட நூல், பிழையைப் பல பஞ்சமங்களுக்குப் பகிர்ந்து, எல்லா ஸ்கேல்களையும் செவி ஏற்கும்படி செய்யும் வழிகளை விளக்கியது.

இதன் பின்னரே பயிற்சி நூல்கள் பெருகின. யோஹான் காஸ்பர் ஃபிஷரின் 1702ஆம் ஆண்டுத் தொகுப்பில் மேஜர், மைனர் ஸ்கேல்கள் 19 இடம்பெற்றன; ஹாம்பர்க் நகரின் யோஹான் மாத்தெசன் 1719இல் 24 ஸ்கேல்களுக்கும் எளிதில் ஒன்றும் கடினத்தில் ஒன்றுமாக 48 தேர்வுப் பாடங்களை அச்சிட்டார். கீழ்ச்சுர வரிசையையும் எண்களையும் மட்டும் கண்டு, உடனொலிக்கும் மேற்சுரங்களைக் கலைஞரே அமைத்து வாசிக்கும் வகையின அவை.

பாக் 1722இல் தொகுத்த 'நன்கு சுருதி சேர்த்த கிளாவியர்' இவ்வரிசையின் சிகரம். அதன் முன்னிசைகளுள் 11, அவர் தம் ஒன்பது வயது மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடமனுக்காக 1720இல் தொடங்கிய பாடக்குறிப்பேட்டிலேயே முதல் வடிவம் பெற்றிருந்தன என்பதால் அதன் கற்பிக்கும் நோக்கம் ஐயமற்றது. சி-யில் தொடங்கி அரைச்சுரம் அரைச்சுரமாக ஏறும் அந்நூலின் எட்டாம் இணையில், முன்னிசை ஈ ஃபிளாட் மைனரில் ஆறு ஃபிளாட் குறிகளோடும், அதைத் தொடரும் ஃபியூக், அதாவது ஒரே கருப்பொருளைப் பல குரல்கள் அடுத்தடுத்து எடுத்துச் செல்லும் உருப்படி, டி ஷார்ப் மைனரில் ஆறு ஷார்ப் குறிகளோடும் எழுதப்பட்டிருக்கின்றன. இரண்டுக்கும் கட்டைகள் ஒன்றே, எழுத்துதான் வேறு. கைக்குத் தந்த பயிற்சியைக் கண்ணுக்கும் தந்த இந்த நுட்பம் போற்றத்தக்கது.

சமப் பகுப்புச் சுருதிக்காகவே இது எழுதப்பட்டது என்று பலரும் கூறுவது பிழை. எல்லா ஸ்கேல்களிலும் வாசிக்க இயலும் சுருதி வேண்டும் என்பதற்கு மேல் தலைப்பு எதையும் வற்புறுத்தவில்லை. பாக் மறைந்து 51 ஆண்டுகள் கழிந்து, 1801இல்தான் நூல் அச்சேறியது; அதுவரை மாணவர்கள் அதைக் கையால் படியெடுத்தே கற்றனர்.