விளக்கு சிமிட்டும் பாஷை

காரில் மஞ்சள் விளக்கு எரிஞ்சா வயித்துல புளி கரைக்குமே, அதோட பூர்வீகம் லாஸ் ஏஞ்சலஸ் புகைமூட்டம்ங்க. கார் புகையும் எண்ணெய் ஆலைப் புகையும் வெயிலில் வினைபுரிவதுதான் காரணம்னு 1950-களின் தொடக்கத்தில் ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் காட்டினார்.

1988 மாடலில் இருந்து வண்டியே தன் கோளாறைச் சொல்லணும்னு கலிபோர்னியா விதி போட்டது. ஆனா கம்பெனிக்கு ஒரு பாஷை! அந்தக் கால ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகள் பலவற்றில், டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள சாக்கெட்டில் ஏ, பி துளைகளை பேப்பர் கிளிப்பால் இணைச்சு சாவியைத் திருப்பினா விளக்கு கண் சிமிட்டும். ஒண்ணு, கொஞ்சம் இடைவெளி, ரெண்டு. அதாவது கோட் 12: எஞ்சின் ஓடலை, மத்தபடி நான் முழிச்சுதான் இருக்கேன். இப்படி மூணு தடவை சொல்லிட்டுத்தான் சேமிச்ச கோளாறு எண்கள் வரும். (பொட்டி தட்டுற எனக்கு இதைவிட அழகான டீபக்கர் தெரியாது.)

இந்தத் தகவலை வெளி மெக்கானிக்குகளுக்கும் கொடுத்தே ஆகணும்னு 1990 சுத்தக் காற்றுச் சட்டத் திருத்தம் சொல்லிச்சு. என்னைக் கேட்டா அதுதான் பெரிய திருப்பம். 1996 மாடலில் இருந்து அமெரிக்கா முழுக்க ஒரே 16 முள் சாக்கெட், பொதுவான எண்கள்.

பி0301 வந்தா முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர். பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா? அதைச் சொல்லாது, நாமதான் தேடணும். சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டின்னா, அதைக் கழட்டி ரெண்டாவதுக்கு மாத்திப் போட்டு ஓட்டிப் பாருங்க. பி0302 வந்துச்சுன்னா ஆள் அகப்பட்டான்!