வீட்டுக் காணொளிவழிச் சிசு அசைவு மதிப்பீடு

கைக்குழந்தை மல்லாந்து கிடந்து தன்போக்கில் கைகால்களை அசைப்பதைப் பெற்றோர் திறன்பேசியில் படம்பிடித்து அனுப்புவார்கள். பயிற்சி பெற்ற மருத்துவரோ இயன்முறை மருத்துவரோ அதைப் பார்த்து, நரம்பு வளர்ச்சியில் இடர் இருக்கிறதா என்று கணிப்பார். குறைமாதத்தில் பிறந்தவர்கள், எடை மிகக் குறைந்தவர்கள், பிறக்கும்போது மூளைக்கு ஆக்சிஜன் போதாமல் போனவர்கள் ஆகியோருக்கே இது முதன்மையாகப் பயன்படுகிறது. பெருமூளை வாதம் வரக்கூடிய குழந்தையை முதல் ஐந்து மாதங்களுக்குள் அடையாளம் காண்பது இதன் தலையாய நோக்கம்.

இதன் அடிப்படை திறன்பேசிக்கு மிகவும் முந்தியது. வியன்னாவில் 1927-இல் பிறந்த ஹைன்ஸ் பிரெக்டல், நெதர்லாந்தின் குரோனிங்கனிலும் பின்னர் ஆஸ்திரியாவின் கிராட்ஸிலும் பணியாற்றியவர். குழந்தையைத் தட்டியும் தூண்டியும் அனிச்சைச் செயல்களைச் சோதிப்பதே வழக்கமாக இருந்த துறையில், தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும் என்றவர் அவர். கருவில் தொடங்கும் 'பொது அசைவுகள்' பிறந்த பின்னும் சில மாதங்கள் தொடர்கின்றன. நிறைமாதத்திலிருந்து ஏறத்தாழ எட்டு வாரம் வரை அவை நெளிவனவாக இருக்கும். ஒன்பதாம் வாரம் முதல் இருபதாம் வாரம் வரை கழுத்து, உடல், மணிக்கட்டு, கணுக்கால் என எங்கும் சிறுசிறு துறுதுறு அசைவுகள் எல்லாத் திசையிலும் ஓடிக்கொண்டிருக்கும். குழந்தை கையை நீட்டிப் பொருளைப் பிடிக்கத் தொடங்கும்போது இவை மறைகின்றன.

இந்தத் துறுதுறுப்பு இருக்கிறதா இல்லையா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பிரெக்டலும் அவருடைய குழுவினரும் 130 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 1997-இல் 'லான்செட்' இதழில் முடிவை வெளியிட்டனர். துறுதுறு அசைவுகள் இயல்பாக இருந்த 70 பேரில் 67 பேருக்கு நரம்பு வளர்ச்சி சீராக அமைந்தது. அவை பிறழ்ந்தோ அறவே இல்லாமலோ இருந்த 60 பேரில் 57 பேருக்குப் பின்னாளில் குறைபாடு தெரியவந்தது. கருவியோ ஊசியோ இல்லாத ஒரு சோதனைக்கு இது வியப்பூட்டும் துல்லியம்.

சிக்கல் காலத்தில் இருக்கிறது. பார்க்க வேண்டிய வாரங்கள் மிகச் சில. அந்த வாரங்களில் குழந்தை மருத்துவமனைக்கு வந்தாலும், பசியோ தூக்கமோ அழுகையோ இருந்தால் சோதனை வீண். வெகுதொலைவிலிருந்து பேருந்து ஏறி வரும் தாய்க்கு இன்னொரு நாள் வாருங்கள் என்று சொல்வது எளிதல்ல. திறன்பேசி தீர்த்தது இந்த இடரைத்தான். நோயைக் கண்டறியும் வேலை இன்னமும் பழகிய கண்ணினுடையது.

வயதைப் பிறந்த நாளிலிருந்து எண்ணக் கூடாது. பிரசவத்துக்குக் குறித்த நாளிலிருந்து எண்ண வேண்டும். 32-ஆம் வாரத்தில் பிறந்த குழந்தைக்கு 12 வார அசைவைப் பார்க்க, பிறந்து 20 வாரம் ஆகியிருக்க வேண்டும். இதில் தவறினால் நல்ல குழந்தையும் குறையுள்ளதாகத் தோன்றும். படமெடுக்கும்போது சமதளத்தில் ஒற்றை நிற விரிப்பில் கிடத்தி, கைகால் தெரியும்படி மெல்லிய உடை மட்டும் அணிவிப்பார்கள். தூளியில் எடுத்த படம் பயன்படாது. துணி உடலை வளைத்துப் பிடித்துக்கொள்ளும். கிலுகிலுப்பை, சூப்பான், கொஞ்சல் எதுவும் கூடாது. விக்கல் வந்தால் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். முகம் முதல் பாதம்வரை சட்டத்துக்குள் அடங்க, அசையாத கேமராவில் மூன்று நிமிடம் போதும். பாட்டிமார் இருக்கும் வீட்டில் குழந்தையோடு மூன்று நிமிடம் பேசாமலிருப்பதே கடினமான நிபந்தனை.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் உருவான 'பேபி மூவ்ஸ்' செயலி, உரிய வாரம் வந்ததும் பெற்றோருக்கு நினைவூட்டுகிறது. நார்வேயின் டிரோண்ட்ஹைமில் லார்ஸ் அடே குழுவினர் உருவாக்கிய 'இன்-மோஷன்' செயலி, குழந்தையை எங்கே பொருத்த வேண்டும் என்று திரையில் உருவக்கோடு காட்டுகிறது. இந்த நார்வேக் குழு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியோடும் இணைந்து ஆய்ந்திருக்கிறது. அங்கே மிகக் குறைந்த எடையில் பிறந்த குழந்தைகளின் அசைவுகளை ஒரு வயதில் அவர்கள் அடைந்த வளர்ச்சியோடு ஒப்பிட்ட கட்டுரை 2016-இல் வந்தது.

கணினியே பார்த்துச் சொல்லுமா என்ற கேள்வியும் எழுந்தது. நார்வே, பெல்ஜியம், இந்தியா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் 13 மருத்துவமனைகளைச் சேர்ந்த 557 குழந்தைகளின் காணொளிகளைக் கொண்டு உருவாக்கிய முறை 2022-இல் வெளியானது. மூட்டுகளைப் புள்ளிகளாகத் தொடர்ந்து கணிக்கும் அது, பெருமூளை வாதம் வந்தவர்களில் ஏறத்தாழ 71 விழுக்காட்டினரையும் வராதவர்களில் 94 விழுக்காட்டினரையும் சரியாகப் பிரித்தது. இவர்கள் அனைவரும் இடர் மிகுந்த குழந்தைகள் என்பதை மறக்கலாகாது. எல்லாக் குழந்தைகளுக்கும் இதைப் பொருத்தினால் கணக்கு மாறிவிடும். ஆயிரத்தில் இருவருக்கு நோய் வருவதாகக் கொண்டால், அதே துல்லியத்தில் நலமாக உள்ள சுமார் 60 குழந்தைகளின் பெற்றோர் காரணமின்றிக் கலங்குவார்கள். பொதுமக்களுக்கான செயலியாக இதைக் கடைவிரிக்க முனைவோர் சொல்லாமல் விடும் கணக்கு இது.

எனவே காணொளி ஒன்றே முடிவாகாது. 2017-இல் வெளியான பன்னாட்டுப் பரிந்துரை, அசைவு மதிப்பீட்டோடு மூளையின் எம்ஆர்ஐ படத்தையும் ஹேமர்ஸ்மித் சிசு நரம்பியல் பரிசோதனையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. ஐயம் வலுத்தால் நோயின் பெயர் உறுதியாகும்வரை காத்திராமல் பயிற்சியைத் தொடங்கலாம். தமிழ்நாட்டில் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையங்கள் இதற்கு உரியவை.

ஐந்து மாதம் கடந்தால் இந்த முறை செல்லாது. அதன் பிறகு குப்புற விழுதல், உட்காருதல், தவழ்தல், நடத்தல் ஆகியவற்றை ஆல்பெர்ட்டா சிசு இயக்க அளவுகோலால் பார்ப்பர். நெதர்லாந்து ஆய்வாளர்கள் அதையும் வீட்டுக் காணொளியில் செய்துபார்த்து, நேரில் பார்ப்பதோடு நன்கு ஒத்துப்போவதைக் காட்டியுள்ளனர். சிசு வலிப்புக்கான படம் முற்றிலும் வேறு வகை. குழந்தை திடீரென முன்வளைந்து கைகளை விரிப்பது அடுத்தடுத்து நிகழ்ந்தால், சட்டமும் விரிப்பும் பாராமல் கையிலிருக்கும் பேசியில் உடனே பதிந்து அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.